செய்தவர் என்ற கட்டம்

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். எந்தக் கன்டெய்னரில் என்ன சரக்கு இருக்கிறது, யார் அனுப்பினார், யாருக்குப் போகிறது என்று ஆவணம் தயாரிப்பதுதான் வேலை. ஒரு பெயர் தன் கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு மாறிப்போனால் சரக்கு கொழும்பில் போய் நின்றுவிடும். என் கையால் அப்படி ஒன்றுகூட நின்றதில்லை. அப்படிப்பட்ட நான், என் சொந்த விஷயத்தில் ஒரே ஒரு பக்கப் படிவத்தைத் தப்பாக நிரப்பினேன் என்றால் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். முதலில் நானும் சிரிக்கத்தான் செய்தேன்.

வேலை இங்கே என்றாலும் என் சந்தோஷமெல்லாம் சென்னையில் இருந்தது. கல்லூரியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி அங்கே மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்து, பெருங்குடியில் அறை எடுத்திருந்தாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது வெள்ளிக்கிழமை ரயிலேறிவிடுவேன். சனிக்கிழமை சௌகார்பேட்டையில் மணி, லேஸ், ஜிகினா என்று சந்து சந்தாக அலைவோம். ஞாயிறு காலையில் பூங்காவில் கூடிப் படம் வரைகிற ஒரு கூட்டத்தோடு உட்கார்ந்து, யாரோ ஒரு பெரியவர் கழற்றிப் போட்ட செருப்பை ஒரு மணி நேரம் வரைவோம். மத்தியானம் அறையில் கால் நீட்டிக் கொரியத் தொடர் பார்ப்போம். கதாநாயகன் குடை பிடிக்க வந்துவிட்டால் போதும், இருவரும் தலையணையைக் கிள்ளுவோம். முப்பது வயதைத் தாண்டிய இரண்டு பெண்கள் இப்படி நடந்துகொள்ளலாமா என்று கேட்க அந்த ஊரில் ஆளில்லை. அதற்காகவே அந்த ஊரை எனக்குப் பிடித்திருந்தது.

வருஷத்துக்கு ஒரு முறை அங்கே காமிக்ஸ் திருவிழா நடக்கும். படக்கதையிலும் அனிமேயிலும் வருகிற பாத்திரங்களைப் போல உடை செய்து போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கில் வருவார்கள். காஸ்ப்ளே என்பார்கள். முதல் முறை போனபோது, நீல முடி வைத்த ஒரு பையன் தன்னைவிட நீளமான வாளைத் தோளில் சாத்திக்கொண்டு தயிர்சாதம் தின்று கொண்டிருந்தான். பக்கத்தில் ரோபோ ஒன்று தன் வயிற்றுக் கதவைத் திறந்து கைப்பேசியை எடுத்து, "அம்மா, சாப்பிட்டாச்சு" என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை கிறுக்குப் பேரா இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தது. படங்களைப் பார்த்த அம்மா, தசரா முடிந்தும் வேஷத்தைக் கழற்றாமல் ரயிலேறிய கூட்டமா இது என்று கேட்டாள்.

அம்மா கேட்டது கிண்டல்தான் என்றாலும் அதில் கொஞ்சம் நிஜம் இருந்தது. எனக்கு இந்தக் கைவேலை வந்தது, குலசை என்று நாங்கள் சொல்கிற குலசேகரன்பட்டினத்துத் தசராவிலிருந்துதான். எங்கள் பக்கத்தில் வேண்டுதல் வைத்தவர்கள் காப்புக் கட்டி, விரதம் இருந்து, வேஷம் கட்டுவார்கள். காளி, ராஜா, கரடி, குரங்கு, போலீஸ் என்று அவரவர் நேர்ந்துகொண்டபடி. குழுவாக வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். எங்கள் தெருக் குழுவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே கிரீடமும் கவசமும் செய்து கொடுத்து வந்தேன். குழுவின் நோட்டில் யார் என்ன வேஷம் என்று மட்டும்தான் எழுதுவார்கள். செய்தவர் பெயருக்கு அதில் இடமே கிடையாது. வேண்டுதல் கட்டினவருடையது, வேஷமும் அவருடையது. 'இந்தக் கிரீடம் நான் செய்ததாக்கும்' என்று ஒருத்தி சொல்லிக்கொண்டு திரிந்தால், அடுத்தவர் வேண்டுதலில் கை வைத்த மாதிரி. இதைத் தோழியிடம் பெருமையாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவளும் எங்கள் ஊர்தான், கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் வீட்டில் வேஷம் கட்டும் வழக்கம் இல்லை. அதனால் வாயைத் திறந்துகொண்டு கேட்பாள்.

நான் முதன்முதலில் கிரீடத்தில் கை வைத்த கதையையும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பதினொரு வயது. அம்மாவுக்குப் பெரிய ஆபரேஷன் நடந்து பிழைத்த வருஷம். அப்பா காளி வேஷம் நேர்ந்திருந்தார். குலசையில் கடற்கரைப் பக்கம் போகிற நெரிசலில், வாடகைக்கு எடுத்த கிரீடம் யார் தோளிலோ இடித்து இரண்டாகப் பிளந்துவிட்டது. கோயிலுக்குப் போய்ச் சேருமுன் கிரீடத்தைக் கழற்ற அப்பாவுக்கு மனம் வரவில்லை. ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் சாயம், கையில் காளிக்கு வாயில் கட்டுகிற மரநாக்கு. நான் பின்னால் நின்று, என் தலையில் இருந்த ஊசிகள் அத்தனையையும் உருவிச் சொருகி, இரட்டைச் சடையின் ரிப்பனை அவிழ்த்து இழுத்துக் கட்டினேன். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. "பயப்படாத மக்கா. என் தலை இப்ப உன் கையிலதான் இருக்கு" என்றார். கோயில் வரைக்கும் கிரீடம் அசையவில்லை. அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் இறந்த அந்த வாரத்தில்தான் இதைத் தோழியிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. என்னைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள்.

இனி அந்த உடையைப் பற்றி. திருவிழாவில் காஸ்ப்ளே போட்டி உண்டு. ஏற்கெனவே உள்ள பாத்திரமாக இல்லாமல் நாமே ஒன்றைப் படைத்துக் கொண்டுபோகவும் ஒரு பிரிவு இருந்தது. முத்துக் குளித்த கடலை வைத்து ஒரு கடலரசியை நான் வரைந்தேன். மார்புக் கவசம், தோள், கிரீடம் எல்லாம் முத்துச் சிப்பியின் உட்புறம் மாதிரி பளபளக்க வேண்டும். நான்கு மாதம், ஒவ்வொரு ஞாயிறும், எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் ஃபோம் ஷீட்டை வெட்டி, சூடு காட்டி வளைத்து, ஒட்டினேன். அந்தப் பளபளப்புதான் என்னைப் படாதபாடு படுத்தியது. வெள்ளிப் பெயின்ட் அடித்தால் எவர்சில்வர் பாத்திரம் போல நின்றது. கடைசியில் பரிசுப் பொருள் சுற்றுகிற வானவில் நிறத் தாளைக் கசக்கி, பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டு, அதை ஒட்டி, மேலே வார்னிஷ் கொடுத்துக் கொண்டுவந்தேன். இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அது இல்லாவிட்டால் எல்லாம் குமிழ் விட்டு உரிந்து வந்துவிடும். அதை இங்கேயும் சொல்லப்போவதில்லை.

அவள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். விக் தேர்ந்தெடுத்தது அவள். சௌகார்பேட்டையில் தாள் தேடியது அவள். அரசி எப்படி நடப்பாள் என்று யோசித்து நடந்து பழகியதும் அவளே. ஆள் நல்ல உயரம், கூச்சம் என்றால் என்னவென்று தெரியாது. நான் குள்ளம், கேமராவைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போய்விடுகிற ரகம். அவள் போடுவது, நான் செய்வது என்பது நாங்கள் பேசிக்கொள்ளாமலே முடிவானது. அந்தப் போட்டிக்கு ஒரு பட்டறையின் சொந்தக்காரர் நடுவராக வரப்போகிறார், சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் கவசம், கிரீடம், முகமூடி செய்கிற பட்டறை, ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. கன்டெய்னர் ஆவணங்களை விட்டுவிட்டு நாள் முழுக்க இதையே செய்து பிழைக்கலாம் என்ற ஆசை எனக்கு நெஞ்சு முட்ட இருந்தது. அது அவளுக்குத் தெரியும். "உனக்குத்தாம்ளா அந்த வேல" என்று அவளே சொன்னாள்.

அவளுக்கு அலுவலகத்தில் வேலை அதிகம் என்பதால் போட்டிக்கான படிவத்தை நான்தான் என் மின்னஞ்சலிலிருந்து அனுப்பினேன். அணிபவர் என்று ஒரு கட்டம். வடிவமைத்தவர் என்று ஒன்று. செய்தவர் என்று ஒன்று. மூன்றிலும் அவள் பெயரை எழுதினேன். ஏன் எழுதினாய் என்று இப்போது எத்தனை பேர் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. இருபது வருஷமாக வேஷத்துக்குப் பக்கத்தில் கட்டினவர் பெயரை எழுதிப் பழகிய கை. அது பாட்டுக்கு எழுதிவிட்டது. குழுவாகவும் கலந்துகொள்ளலாம், இரண்டு பெயரையும் போடலாம் என்று படிவத்தின் மேலேயே எழுதியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

மேடையில் அவள் பெயரைச் சொல்லி, வடிவமைத்ததும் செய்ததும் அணிந்திருப்பதும் இவரே என்று அறிவித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அடக் கூறுகெட்டவளே என்று என்னை நானே திட்டிக்கொண்டு சிரித்தேன். மேடைக்குப் பக்கவாட்டில் ஊக்கும் பசையும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் விளக்கு வெளிச்சத்தில் நடந்து வந்தபோது கவசம் பச்சையும் ரோஜாவுமாக மின்னியது. கூட்டம் ஓவென்று கத்தியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. முதல் பரிசு அவளுக்குத்தான். நடுவர் மேடையேறி, கவசத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, இந்தப் பளபளப்பை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று மைக்கை நீட்டினார். இப்போது சொல்லிவிடுவாள் என்று நான் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன். கூப்பிட்டால் மேடைக்குப் போகவேண்டியிருக்குமே என்று செருப்பைக்கூடச் சரிசெய்தேன்.

நாலு மாசம் ஆச்சு சார், நிறைய தோத்துத்தான் கத்துக்கிட்டேன் என்றாள். சுத்தமான சென்னைத் தமிழில்.

அவள் கீழே இறங்கி வந்ததும், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மைக்கை நீட்டியதும் பதட்டத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். விக்கைக் கழற்றக்கூட இல்லை, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "திங்கக்கெழம பட்டறைக்கு வரச் சொல்லியிருக்காரு. போயி உள்ளதச் சொல்லிருதேன். ரெண்டு பேரையும் சேத்து எடுத்துக்கிடச் சொல்லுதேன். போதுமாளா?" என்றாள்.

போதும் என்று சொன்னேன். அவளை நம்பாமல் நான் யாரை நம்புவது? அன்று சாயங்காலமே ரயிலேறி ஊருக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை முழுவதும் கைப்பேசியைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தது. ஒரே ஓர் இடம்தான் இருந்ததாம், அவளை எடுத்துக்கொண்டார்களாம். என்னைப் பற்றியும் சொன்னாளாம். என்னவென்று சொன்னாய் என்று கேட்டேன். ஒரு ஃப்ரெண்டு ஹெல்ப் பண்ணினாள் என்று சொன்னேன் என்றாள்.

யாருக்கு யார் ஹெல்ப் என்று கேட்டேன். அவள் குரல் கூர்மையாகிவிட்டது.

"ஃபார்ம்ல எம் பேர எழுதுனது யாரு? நானா? வேஷம் கட்டுனவங்களுக்குத்தான் வேஷம்னு நீதான ஓயாமச் சொல்லுவ. இப்ப மட்டும் மாத்திப் பேசுத."

என் சொல்லையே எடுத்து என்னை அடிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது வேண்டுதல் கட்டினவர்களுக்குச் சொன்னது, நீ யாருக்காக எந்தச் சாமிக்கு விரதம் இருந்தாய் என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வி எனக்கு மூன்று நாள் கழித்து, குளித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. எனக்கு எப்போதுமே நல்ல பதில்கள் சோப்பு நுரைக்குள்தான் கிடைக்கும். போட்டி நடத்தியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். படிவத்தில் தந்த விவரப்படியே அறிவித்தோம், படிவம் உங்கள் முகவரியிலிருந்துதான் வந்திருக்கிறது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானும் இந்தமாதிரி பதில்களைத்தான் அலுவலகத்தில் தினம் நாலு பேருக்கு அனுப்புகிறேன்.

இதோடு நின்றிருந்தால் ஒரு வருஷத்தில் ஆறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். என் மடத்தனமும் இதில் இருந்தது. அவளுக்கு ஆசை வந்தது, எனக்கும் வந்த அதே ஆசை. இடம் ஒன்று, ஆள் இரண்டு. பதட்டத்தில் சொன்ன பொய்யைப் பிறகு விழுங்க முடியாமல் போயிருக்கலாம். இப்படியெல்லாம் அவளுக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த வீடியோவைப் பார்த்தேன்.

யாரோ அவளைப் பட்டறையில் வைத்துப் பேட்டி எடுத்திருந்தார்கள். அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டாண்டில் நான் செய்த கிரீடம் இருந்தது. அதைப் பார்த்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டேன். உங்களுக்கு இதில் ஆர்வம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் அப்பா ராஜா வேஷம் கட்டினார் என்று ஆரம்பித்தாள். நெரிசலில் கிரீடம் பிளந்துவிட்டதாம். அவள் தலையில் இருந்த ஊசிகளை உருவிச் சொருகினாளாம். ரிப்பனை அவிழ்த்துக் கட்டினாளாம். பயப்படாத மக்கா, என் தலை இப்ப உன் கையிலதான் இருக்கு என்று அப்பா சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது.

காளியை மட்டும் ராஜாவாக மாற்றியிருந்தாள். மற்றதெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது. அவள் அப்பா கப்பலில் போகிறவர். வருஷத்தில் ஒன்பது மாதம் எந்தக் கடலில் இருக்கிறார் என்று அவர் வீட்டுக்கே சரியாகத் தெரியாது. ஊருக்கு வந்தால் மாதா கோயில் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கிற மனிதர். நல்ல மனிதர். மகள் சொன்ன கதையில் தான் ராஜா வேஷம் கட்டிய விஷயம் அவருக்குத் தெரிந்திருக்காது. வீடியோவுக்குக் கீழே, அழவைத்துவிட்டீர்கள், அப்பாவுக்கு எங்கள் வணக்கம் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள்.

நான்கு முறை பார்த்தேன். உடையை எடுத்துக்கொண்டாள், வேலையை எடுத்துக்கொண்டாள், சரி. எங்கப்பாவை எதற்காக எடுத்தாள்? அந்த ரோட்டோரத்தில் சாயம் வழிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்த மனிதரை நான் இதுவரை ஒரே ஒரு ஆளிடம்தான் காட்டியிருந்தேன். இப்போது நான் அதை வேறு யாரிடமாவது சொன்னால், அந்த வீடியோவில் கேட்டதைச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். அன்றைக்கு அம்மாவின் எதிரில் சாப்பிட உட்கார்ந்து, பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய் அழுதேன். அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

அவளிடமிருந்து எட்டு மாதம் ஒரு வார்த்தை வரவில்லை. நானும் பேசவில்லை. மனதுக்குள் மட்டும் தினமும் பேசினேன், நல்ல கெட்ட வார்த்தைகளாகத் தேர்ந்தெடுத்து. ஒரு சனிக்கிழமை மத்தியானம், அலுவலகத்தில் பாதிப் பேர் கிளம்பிப் போயிருந்தார்கள், நான் டிபன் டப்பாவைத் திறந்தபோது அவள் பெயர் கைப்பேசியில் வந்தது.

சாப்பிட்டாயா, அம்மாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரித்தாள். ஊர்த் தமிழில் பேசினாள். நான் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவோ, அவள் குரலைக் கேட்டதும் எனக்கு உள்ளே இளகிவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நம்பினேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே மன்னித்தும் விட்டேன்.

அவள் விஷயத்துக்கு வந்தாள். பட்டறைக்குப் பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறதாம். அதே சிப்பிப் பளபளப்பு, முப்பது கவசங்களுக்கு. அவளுக்குக் கைகூடவில்லை. போடப் போடக் குமிழ் விடுகிறது, மறுநாள் உரிந்து வருகிறது. திங்கட்கிழமை ஒரு மாதிரிக் கவசம் செய்து காட்டவேண்டும். "நீ சொன்னாத்தாம்ளா வரும். கொஞ்சம் மொதல்ல இருந்து சொல்லு" என்றாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். மடச்சிதான், வேறென்ன? தாளை எவ்வளவு கசக்கவேண்டும், இஸ்திரிப் பெட்டி எவ்வளவு சூட்டில் இருக்கவேண்டும், அடியில் என்ன நிறம் கொடுக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிக்கொள்ள வசதியாக அவள் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டாள் போலிருக்கிறது, அங்கே மின்விசிறி ஓடுவதுகூடக் கேட்டது. முதல் கோட்டு சொன்னேன். இரண்டாவது கோட்டு சொன்னேன். அப்போது அங்கே யாரோ ஓர் ஆண், யாரும்மா லைன்ல என்று கேட்டார்.

"ஊர்ல எங்க வீட்டுக்குத் துணி தைக்கிற அக்கா சார்" என்றாள்.

திறந்த டிபன் டப்பாவை மூடிவைத்தேன். கோபம் அப்புறம்தான் வந்தது. வந்த கோபத்தில் என் குரல் நான் எதிர்பார்க்காத அளவுக்கு அமைதியாக இருந்தது. "அந்த உடுப்ப செஞ்சது நான்தான்னு அங்கன நிக்கவர்ட்ட சொல்லு. ஒரு தடவ சொன்னாப் போதும். மூணாவது கோட்டுக்கு முன்னால என்ன செய்யணும்னு இப்பவே சொல்லுதேன்" என்றேன்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்டிருப்பாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாக்கியம்தான். அவள் சொல்லிவிடுவாள் என்று அந்தக் கணத்தில்கூட நினைத்தேன்.

"சரிக்கா, வேல இருக்கு, வச்சிர்றேன். அம்மாவ கேட்டதா சொல்லுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, இணைப்பைத் துண்டித்தாள்.

அவள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள்.